செப்பு ரோக்கனுக்குப் புளி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

19ஆம் நூற்றாண்டில் கொழும்புக் கோப்பி ஆலைகள் கூலிக்குக் கொடுத்த செப்பு ரோக்கன்களை, அதாவது காசுக்குப் பதிலான வில்லைகளை, புளி, சாம்பல் போட்டுப் பளபளக்கத் தேய்த்து விற்கிறார்கள். இது பெருங்கேடு. ஆலையின் பெயரும் ஆண்டும் அந்த மெல்லிய கபில நிறப் படிவோடுதான் தேய்ந்து போகின்றன. பளபளப்புக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

நிறத்தைப் பாருங்கள். வழுவழுப்பான கரும்பச்சை நல்லது. ஊசி நுனி பட்டதும் மாவாய் உதிரும் வெளிர்பச்சைதான் நோய். உப்பிலுள்ள குளோரைட்டு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது; நம் கடற்காற்றில் அது நிற்காது. அந்த ரோக்கனைத் தனியே பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள். நீரை வாரமொருமுறை மாற்றி, மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். கிணற்றுநீர் கூடவே கூடாது, அதிலும் உப்புண்டு. பிறகு அசிட்டோனில் அலசி நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் வையுங்கள். மென்மையான பீவீசீ உறைகள் பச்சைப் பிசினைக் கசியும். மைலார் (பொலியெஸ்டர்) உறையே நல்லது.

போலியை விளிம்பு காட்டிக்கொடுக்கும். வார்ப்பில் செய்ததென்றால் சுற்றிவர ஒட்டுக்கோடும், எழுத்துகளின் அடியில் குமிழிக் குழிகளும் இருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கி போதும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் (வீஓசீ) துட்டையும் ரோக்கன் என்று விற்கிறார்கள். அது கம்பனிக்காக அடித்த புழக்க நாணயம், ரோக்கன் அல்ல.

நாணயச் சேகரிப்பாளர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.