இசை மென்பொருளுக்கும் ஒரு லாக் புத்தகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் சின்னதாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். இசை மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகள் யாராவது இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன சித்திரையில், கோயில் கொடை சீசன் சூடு பிடிப்பதற்கு முன் ஒரு வில்லுப்பாட்டுக் குழு வந்தது. வில், உடுக்கை, குடம், ஜால்ரா, பாடுகிறவர்கள் என எட்டு மைக். சுடலைமாடன் கதையில் கதையைப் பாடி நடத்தும் புலவர் அம்மாவின் குரல் உச்சத்தில் நிற்கிற இடம். ‘டப்’ என்று ஒரு சத்தம், மென்பொருள் மூடிக்கொண்டது. ‘எதிர்பாராத பிழை’ என்று திரையில் ஒற்றை வரி. மறுபடி பாடினார்கள். மறுநாளும் அப்படியே நின்றது. “தாயி, எனக்கு இருக்கது ஒரே தொண்டைதான்” என்றார் அந்த அம்மா. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அது. உதவி கேட்டு எழுதினால், மீண்டும் நிறுவிப் பார்க்கச் சொன்னார்கள். கேபிளை மாற்றினேன். மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை மாற்றினேன். விண்டோஸையே புதிதாகப் போட்டு, வைரஸ் தடுப்பானையும் பழையபடி ஏற்றினேன். மூன்று வாரம் போனது.

தங்கை மகன் வந்து ஆர்டோர் என்கிற திறமூல (மூல நிரலை யாரும் பார்க்கக்கூடிய) ஒலிப்பதிவு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். கணினி உரிய நேரத்துக்குள் ஒலியைக் கையாள முடியாமல் தவறுவதை எக்ஸ்ரன் என்கிறார்கள். அது நேர்ந்த இடத்தில் ஆர்டோர் அடையாளம் போட்டு வைக்கும். கணினியின் வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) எழுதுவது பின்தங்கினால் அதையும் சொல்லிவிடும். இரண்டு நாள் பார்த்துக் குறித்தோம்: 11 மணி 2 நிமிடம், அடுத்த நாள் 11 மணி 3 நிமிடம். காரணம் அப்போதே பிடிபட்டது. வைரஸ் தடுப்பான் தினமும் காலை 11 மணிக்கு வட்டு முழுவதையும் துழாவத் தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தை இரவுக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் அப்பா அரசு ஜீப் ஓட்டியவர். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல் என்று தினமும் சாயங்காலம் லாக் புத்தகத்தில் எழுதாமல் சாவியைக் கொடுக்க மாட்டார். வண்டி மக்கர் செய்தால் மெக்கானிக் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பார். மென்பொருளிடம் நான் கேட்பதும் அதுதான். எந்தக் கருவி இணைந்தது, எப்போது அறுந்தது, கடைசியாக எந்தப் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஏறியது என்பதை நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு என்று தங்கை மகன் சொன்னான். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எடுக்கும் மாதிரிகளை 256, 256 ஆகக் கையாளும்போது ஒவ்வொரு தொகுப்புக்கும் ஏறக்குறைய 5.3 மில்லிநொடிதான் அவகாசம். மென்பொருளுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் தனித்தனி இழைகளாக ஓடும். ஒலியைக் கவனிக்கும் இழையே கோப்பிலும் எழுதப் போனால், லாக்கே ஒலியை அறுத்துவிடும். அதற்கும் வழி இருக்கிறதாம். அந்த இழை சிறு குறிப்பை நினைவகத்தில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். வேறொரு இழை அதை எடுத்து நிதானமாக வட்டில் எழுதும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். லாக் என் கணினியிலேயே இருக்க வேண்டும். 2021-இல் ஒடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் பயன்பாட்டுத் தகவல்களை இணையம் வழியாகச் சேகரிக்கும் திட்டம் வந்தபோது, பயனர்கள் எதிர்த்ததால் அதைக் கைவிட்டார்கள். எதிர்த்தது சரிதான். உதவி கேட்கும்போது கோப்பைப் படித்துப் பார்த்து நானே அனுப்பிக்கொள்கிறேன். அதில் பாடுகிறவர் பெயரோ பாட்டின் பெயரோ இருக்கத் தேவையில்லை.

ஆடிக் கொடை முடிந்ததும் அந்தக் குழு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறது. நின்றுபோன இடத்திலிருந்தே பாடித் தருகிறேன் என்று புலவர் அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் வாசகி,
பாளையங்கோட்டை