சின்னவன் கண் சிமிட்டுவது பற்றி

குடியாத்தம்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வெயில்தான் தாங்கவில்லை, மோர் மிளகாய் இரண்டே நாளில் சருகாகக் காய்ந்துவிட்டது. அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அதனால் எழுதி, டப்பாவின் அடியில் பேப்பருக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

சிரசுத் திருவிழாவுக்கு நீ வரவில்லை. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போனபோது எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். சின்னவனுக்குப் பரீட்சை என்று மாப்பிள்ளை சொன்னார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மே மாதத்தில் என்ன பரீட்சை என்று நான் கேட்கவில்லை.

அவன் கண்ணுக்கு ஏதோ சொட்டு மருந்து போடுகிறீர்களாம், அலர்ஜியாம். இருக்கலாம். ஆனால் அலர்ஜி என்றால் கண் சிவக்கும், நீர் வடியும், பிள்ளை கசக்கிக்கொண்டே இருப்பான். போன வாரம் வீடியோவில் அவன் ஒரு தடவைகூடக் கசக்கவில்லை. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினான், மறுபடி மூடினான், மூன்றாவது தடவை முகவாயை இடது தோள் பக்கம் வெட்டி இழுத்தான். அடுத்த நிமிஷம் போனில் சமையலறைச் சுவர் தெரிந்தது. "சும்மா இருடா" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த வெட்டு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

பயப்படாதே, பேர் வைக்கவும் அவசரப்படாதே. இந்த வயதில் வந்து ஒரு வருஷத்துக்குள் தானாகப் போய்விடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். டூரெட், அதாவது அசைவும் சத்தமும் தன்னால் வருகிற நரம்புக் கோளாறு, என்று சொல்ல, உடம்பு அசைவு இரண்டாவது, சத்தம் ஒன்றாவது இருக்க வேண்டும். முதலில் வந்து ஒரு வருஷம் தாண்டியிருக்க வேண்டும், 18 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். இதற்கு ஸ்கேனும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. டாக்டர் பார்த்து, கேட்டுத்தான் சொல்வார். தொண்டையைச் செருமுகிறானா, மூக்கை உறிஞ்சுகிறானா என்று கவனி. சளி என்று நினைத்து இருமல் டானிக் ஊற்றாதே. நான் உனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஊற்றினேன்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. தினமும் ஒரே நேரத்தில், அவன் டி.வி. பார்க்கும்போது, பத்து நிமிஷம் எண்ணு. கண் எத்தனை, கழுத்து எத்தனை, சத்தம் எத்தனை. அன்றைக்குத் தூக்கம் சரியா, காய்ச்சலா, பள்ளிக்கூடத்தில் ஏதாவதா என்று பக்கத்தில் ஒரு வரி எழுது. அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கூடும். நாலு வாரம் எழுதினால் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். இறங்கும்போது நாம் கொடுத்த கஷாயத்தால் இறங்கியது என்று நினைப்போம், ஏறும்போது நேற்றுக் கொடுத்த ஐஸ்கிரீம்மேல் பழி போடுவோம். அது தன்னால் ஏறி இறங்குகிற ஜாதி. நோட்டு இருந்தால் ஏமாற மாட்டாய். இரண்டு நிமிஷ வீடியோவும் எடுத்து வை. டாக்டர் அறைக்குள் போனதும் பிள்ளை சிலை மாதிரி உட்கார்ந்துகொள்வான், "ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

முக்கியமானது இதுதான். அவனை அடக்கச் சொல்லாதே.

அடக்க முடியும். அதுதான் பார்க்கிறவர்களைக் குழப்புகிறது. "மாமா முன்னால மட்டும் சும்மா இருந்தானே, அப்ப வேணும்னுதான் செய்றான்" என்பார்கள். தும்மலுக்கு முன் மூக்கில் வருமே, அந்த மாதிரிக் குறுகுறுப்பு கண்ணிலோ கழுத்திலோ முதலில் வரும், செய்தால்தான் தீரும். கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம். ஆனால் தள்ளிப்போடுவதற்கே கவனம் முழுக்கப் போய்விடும், டீச்சர் சொன்ன கணக்கு காதில் ஏறாது. பள்ளிக்கூடத்தில் ஏழு மணி நேரம் பிடித்து வைத்த பிள்ளை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் கொட்டுவான். "ஸ்கூல்ல ஒண்ணுமே இல்லைங்க" என்று டீச்சர் சொல்வதும் நிஜம், வீட்டில் நீ பார்ப்பதும் நிஜம். வந்ததும் அரை மணி நேரம் வீட்டுப்பாடமும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். பாலைக் கொடு, விடு.

அவன் செய்யும்போது முகம் மாறாதே. திட்டவும் வேண்டாம், தட்டை எடுத்துக்கொண்டு மடியில் உட்கார வைத்து ஊட்டவும் வேண்டாம். வெட்டு வந்தால் வீட்டுப்பாடம் இல்லை என்று விட்டாலும் அது வேர் பிடிக்கும். ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சைத் தொடர். உன்னால் முடியும். மாமியார் வீட்டில் பத்து வருஷம் முகம் மாறாமல் இருந்தவள் நீ.

இந்த வெட்டைக் குறைக்க மாத்திரை இல்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது, சி.பி.ஐ.டி. என்பார்கள். நீ படிக்கும்போது நம் பக்கம் யாரும் இதைச் சொல்லவில்லை. 2010-இல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரை 126 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். பத்து வாரத்தில் எட்டு அமர்வு. பயிற்சி எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் நன்றாகக் குறைந்தது. வெறும் விளக்கமும் ஆறுதலும் மட்டும் கிடைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அப்படிக் குறையவில்லை. முதலில் பிள்ளைக்கு அந்தக் குறுகுறுப்பை அடையாளம் காணப் பழக்குவார்கள். பிறகு அது வந்ததும் வெட்டு நடக்க முடியாதபடி வேறொன்றைச் செய்யச் சொல்வார்கள். கழுத்துக்கு, பார்வை நேராக, முகவாயை லேசாக உள்ளே இழுத்துக் கழுத்துத் தசையை மெதுவாக இறுக்க வேண்டும். கண்ணுக்கு, ஒரே இடத்தைப் பார்த்தபடி மூன்று நாலு வினாடிக்கு ஒரு தடவை, வேண்டுமென்றே மெதுவாக மூடித் திறக்க வேண்டும். செருமலுக்கு, வயிறு அசைய நிதானமாக மூச்சு. ஒரு நிமிஷம், அல்லது குறுகுறுப்பு போகும் வரை. இது அடக்குவது இல்லை, அதன் வழியில் வேறொரு வேலையை வைப்பது.

கெட்டுப்போவது எங்கே என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவதில். அவனுக்கு எது அதிகத் தொல்லையோ அந்த ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தது, அம்மாக்கள் போலீஸ் ஆகிவிடுவோம். "செய், செய்" என்று நாளெல்லாம் சொன்னால் அதுவும் திட்டுதான். ஏழு வயதில் பல பிள்ளைகளுக்குக் குறுகுறுப்பே பிடிபடாது. அதனால் இப்போதே வேண்டாம், பயிற்சி தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அவனை அடக்கச் சொல்லாமல் இருந்தால் போதும்.

டீச்சரிடம் நீயே போய்ச் சொல். "இது நரம்பு சம்பந்தமானது, தானா வரும், வேணும்னு செய்யல. கண்டுக்காம விட்டா அவனே சமாளிச்சுப்பான்." இவ்வளவு போதும். முதல் பெஞ்ச் வேண்டாம், மொத்த வகுப்பும் பின்னாலிருந்து பார்க்கும். கதவோரம் கேள். முடியாதபோது தண்ணி குடிக்க எழுந்து போக, கை தூக்காமல் போக அனுமதி கேள். அவனுக்கும் ஒரு பதில் சொல்லிக் கொடு, கண்ணாடி முன் நின்று பழகட்டும்: "எனக்கு இது விக்கல் மாதிரி, தானா வரும்." சிரிக்காமல், அழாமல், தரையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். சொன்னதும் விளையாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிடும். பெரியவர்கள்தான் மறக்க மாட்டார்கள். பஸ்ஸில் உன்னைப் பார்த்து "கண்ணடிக்கிறா பாரு" என்று சொன்ன அந்த ஆளை நான் இன்னும் மறக்கவில்லை.

சம்பந்தியம்மா போனில் தேடிப் பார்த்தால் முதலில் கெட்ட வார்த்தை கத்துகிறவர்களைத்தான் காட்டும். அது பத்தில் ஒருவர், இரண்டு பேருக்குத்தான் வரும். அவர்கள் பார்ப்பதற்கு முன் நீ சொல்லிவிடு. தாயத்து, வேப்பிலை என்று அவர்கள் பங்குக்கு ஏதாவது செய்தால் செய்யட்டும், புகையும் பட்டினியும் மட்டும் கூடாது.

பத்து பன்னிரண்டு வயதில்தான் உச்சம். பிறகு பெரும்பாலானவர்களுக்கு 18-க்குள் வெகுவாகக் குறையும், உனக்குக் குறைந்த மாதிரி. இன்றைக்கு நீ கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறாய்! வெட்டைவிடத் தொல்லை அதன் கூட வருவதில்தான் இருக்கும். கை கழுவிக்கொண்டே இருப்பது, ஒரு பொருளை இரண்டு பக்கமும் சமமாகத் தொட்டே தீருவது, ஓரிடத்தில் உட்கார முடியாதது. இதெல்லாம் இருந்தால் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுது.

மாத்திரை எல்லாருக்கும் தேவை இல்லை. வலித்தால், படிப்பு கெட்டால், பிள்ளை குன்றிப்போனால்தான். க்ளோனிடின் கொடுத்தால் தூக்கம் வரும், வாய் உலரும். அட்டை தீர்ந்தது, அடுத்த வாரம் வாங்கலாம் என்று மட்டும் இருக்காதே, திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ரிஸ்பெரிடோன் என்றால் பசி கூடும், மாதா மாதம் எடை பார். ஹாலோபெரிடாலில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அப்படியே நின்றால் அது வெட்டு இல்லை, மாத்திரையின் வேலை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்பது. அதற்கு நீ

பாப்பா, அதற்கு நீ என்ன சொல்வாய்? மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று "ரெண்டு மணி நேரம் அடக்கிக்கோடி, அப்புறம் உன் இஷ்டம்" என்று நான்தான் சொன்னேன். நீ அடக்கினாய். அவர்கள் கார் தெரு திரும்பியதும் பின்கட்டுக்கு ஓடினாய். கதவைச் சாத்திக்கொண்டு நான் வெளியே நின்று, தலைவலி என்று எல்லாரிடமும் சொன்னேன். உள்ளே உன் வளையல் சுவரில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலூர் பாகாயம் என்றால் மனநல ஆஸ்பத்திரி, ஊர் என்ன பேசுமோ என்று பயந்து, அங்கே சி.எம்.சி.யில் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தும் உன்னை மூன்று வருஷம் கூட்டிப்போகாமல் இருந்தவளும் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அப்புறம் குழந்தை பிறக்கட்டும் என்றேன். இப்போது நீ சின்னவனிடம் "சும்மா இருடா" என்கிறாய், என் குரலிலேயே.

இது ஒரே ஒரு ஜீனில் வருவது இல்லை. குடும்பத்தில் ஓடும், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் வராது. பெண்களைவிட ஆண்பிள்ளைகளுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம். நீ எதுவும் செய்ததால் வந்தது இல்லை. மறைத்ததுதான் தப்பு, அதைச் செய்தவள் நான். மாப்பிள்ளையிடம் நானே சொல்கிறேன். காட்பாடியில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறினால் மத்தியானம் இரண்டு, இரண்டரைக்கு வந்துவிடுவேன். உன்னைச் சொல்ல வைக்க மாட்டேன். நீ பக்கத்தில் இருக்கவும் வேண்டாம், சின்னவனைப் பார்க்குக்குக் கூட்டிப்போ.

மிளகாய் வந்து சேர்ந்ததும் போன் செய், "வாம்மா" என்று மட்டும் சொல். உனக்காக நான் அப்போது எழுதிவைத்த பழைய நோட்டையும் எடுத்துவருகிறேன், டாக்டர் பார்க்கட்டும்.

அதுவரைக்கும் அவனை அடக்கச் சொல்லாதே. யூனிபார்ம் மேல் பட்டனைப் பூட்டாதே, நெற்றியில் விழும் முடியை வெட்டிவிடு. உரசினால் தலை ஆட்டுவது கூடும். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளையும் எடுத்துவிடு. கத்தரிக்கோலால் நறுக்கினால் மிச்ச நுனி குத்தும், தையலைப் பிரித்து முழுசாக எடு.

அன்புடன்,
அம்மா