நிலுவைப் பட்டியலை அனுப்பு

மயூர் விகார், டெல்லி
23.11.2025

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. உன் நலத்தை எழுதவும்.

தீபாவளிக்கு நீ வராததைக் குறையாகச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் அஸ்திவாரக் குழிகளை முடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வேலை இருக்கும் காலத்தில் வேலையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நான்கு மாதங்களாக அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசுகிறாய், நான் போனை வாங்கினால் "சைட்டில் இருக்கிறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். சென்ற வாரம் பெரியப்பா பேச்சோடு பேச்சாக, கிழக்குத் தோட்டத்துக்கு நீ வில்லங்கச் சான்றிதழ் எடுத்ததாகச் சொன்னார். எதற்கு என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. உன் சோலார் வேலைக்கு அரசு தரும் மானியத்தைப் பற்றி எழுதுவதற்காகவே உட்கார்ந்திருக்கிறேன். 34 வருடம் அரசாங்கக் கணக்கில் இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒப்புதல் வேறு, ஒதுக்கீடு வேறு, விடுவிப்பு வேறு. அமைச்சரவை ஒப்புதல் அளித்த அன்று பத்திரிகையில் வருவது வெறும் எண். அது வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடாகி, தவணை தவணையாக மாநிலத்துக்கு விடுவிக்கப்பட்டு, முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்து சேர்ந்து, அதற்குப் பிறகுதான் அடுத்த தவணை நகரும். ஒரு சான்றிதழில் ஒரு கையெழுத்து விடுபட்டதற்காக மார்ச் 31 இரவு பத்து மணி வரை காத்திருந்து, கடைசியில் பணம் காலாவதியாகித் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தின் மறுமுனையில் யாரோ ஒருவர் வட்டி கட்டிக்கொண்டு காத்திருப்பார் என்று அந்த நாட்களில் எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போதெல்லாம் இரவில் அதுதான் தோன்றுகிறது.

நீ எடுத்துக்கொண்ட தொழில் நல்ல தொழில். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 2010-இல் தேசிய சூரிய மின்சக்தி இயக்கத்தைத் தொடங்கியபோது 2022-க்குள் 20,000 மெகாவாட் என்றார்கள். 2015-இல் அதை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தி, அதில் 40,000 மெகாவாட் கட்டடக் கூரைகளிலிருந்து வரும் என்றார்கள். மொத்தம் 1,00,000 மெகாவாட்டை இந்த வருடம் ஜனவரியில் தொட்டுவிட்டார்கள். பத்திரிகையில் அதைப் படித்த அன்று, இதில் என் மகன் மாட்டிய பேனல்களும் இருக்கின்றன என்று கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆனால் கூரைகளின் கணக்கு மட்டும் 2022 முடிவில் இலக்கின் கால் பங்கைக்கூட எட்டவில்லை. கமுதியிலோ பாவகடாவிலோ ஒரு பெரிய நிலையம் எழுப்ப ஓர் ஒப்பந்தமும் ஒரு வங்கியும் போதும். வீட்டுக் கூரைக்கோ, ஒவ்வொரு வீட்டுக்கும் உன்னைப் போல ஒருவன் ஏணி ஏற வேண்டியிருக்கிறது. ஏணி ஏறுகிறவன் கையைக் கடிக்காமல் இருக்க எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரை சோலாருக்காக வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தை வரி விடாமல் படித்தேன். 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடுகள், 2026-27 வரை. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000; அதற்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் அதே தொகைதான். அந்த 78,000 யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். வாங்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்து, வீட்டுக்காரருடைய கணக்கில் ஏறுகிறது. "தம்பி, மானியம் வந்ததும் மீதியைக் கொடுத்துவிடுகிறேன்" என்று அவர் சொல்வார். நீ "சரிங்க" என்று சொல்லியிருப்பாய். முகம் பார்த்தால் மறுக்கத் தெரியாத உன் தாத்தாவின் குணம் உனக்கு அப்படியே வந்திருக்கிறது. பத்து வீட்டில் "சரிங்க" என்றால் 7,80,000 ரூபாய் உன் பணம் அடுத்தவர் மாடியில் கிடக்கிறது என்று பொருள். இந்தியாவிலேயே செய்த செல் உள்ள பேனலுக்குத்தான் மானியம் செல்லும் என்பதால் விலையும் கூடுதல். அதை விற்கிறவர்கள் உனக்குக் கடன் சொல்லமாட்டார்கள். செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது பெரிய ஆறுதல் என்று நீ சொல்லலாம். அது வாங்குகிறவருக்கு ஆறுதல், உன் நிலுவையை அது குறைக்காது.

அதே திட்டத்தில் 3 கிலோவாட் வரை வைக்கும் வீட்டுக்காரருக்கு ஈடு இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை பொதுத்துறை வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தருகின்றன. கடன் அவர்கள் பெயரில் இருக்கட்டும். கோபமாகச் சொல்லவேண்டியதில்லை; "வங்கியில் நானே கூட வந்து வாங்கித் தருகிறேனுங்க" என்று மரியாதையாகச் சொல், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மானியத்தை நம்பி நீ கடன் வாங்காதே.

தோட்டத்து சோலார் மோட்டார் வேலையில்தான் எனக்கு அதிகக் கவலை, அதில்தான் எனக்கு அதிகப் பெருமையும். 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூர்ச் சாலைகளை மாட்டு வண்டிகளால் நிரப்பினார்களே, அந்த வரிசையில் உன் தாத்தாவின் வண்டியும் நின்றது என்று ஆத்தா சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமான பிறகும், மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு விழித்திருந்து, டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துதான் தண்ணீர் கட்டினார்கள். கருப்பண்ணன் போன இரவு நம் வீட்டில் யாரும் மறக்கக்கூடியதல்ல. பகல் வெளிச்சத்தில், பாத்தி கண்ணுக்குத் தெரியும்போது தண்ணீர் பாயட்டும் என்று நீ அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாய். அதை நீ என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாய். நான் உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மோட்டார்களுக்கான பி.எம். குசும் திட்டம் 2019-இல் வந்தபோது பங்கு சுலபமாகத்தான் தெரிந்தது: மோட்டார் விலையில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30, விவசாயி 40. விவசாயி தன் பங்கைக் கட்டிவிடுகிறார். நீ குழி எடுத்து, தூண் நட்டு, 7.5 குதிரைத்திறன் மோட்டாரைக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் காட்டிவிடுகிறாய். மற்ற பங்குகள் கோப்பாக நகர்ந்து வந்து சேரும் வரைக்கும் அந்த மோட்டார் உன் பணத்தில் ஓடுகிறது. ஐந்து வருடப் பராமரிப்பும் பொருத்தியவன் தலையில்தான். இந்தத் திட்டத்தின் காலம் வரும் மார்ச் 31-உடன் முடிகிறது. திட்டம் முடிகிற வருடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பில் போடுவார்கள், சின்ன எழுத்துப் பிழையைக் காட்டிக்கூடக் கோப்பைத் திருப்புவார்கள். ஆகவே ஜனவரி முடிவதற்குள் உன் கோப்புகள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆய்வு அறிக்கை, விவசாயியின் ஒப்புதல் கடிதம், இடத்தின் படம் மூன்றும் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கின்றனவா என்று நீயே உட்கார்ந்து பார். பையன்களிடம் விடாதே.

தறிக்காரர்களையும் சிறு ஆலைக்காரர்களையும் பிடிக்கலாம் என்று முன்பு யோசித்தாய். அவர்களுக்கு நேரடி மானியம் இல்லை, வருமான வரியில் தேய்மானச் சலுகை மட்டும் உண்டு. மாடியில் தயாரிக்கும் மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் வேறு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதால் சிறிய தறிக்காரருக்கு அவசரமும் இல்லை. ஆனாலும் ஆலைக்காரர் கணக்குப் பார்த்துக் கையில் பணம் வைத்துக்கொண்டு வருகிறார், அரசாங்கத்துக்காகக் காத்திருக்கச் சொல்லமாட்டார். ஒரு வருடத்துக்காவது அந்தப் பக்கம் அதிகம் பார். மறுபடியும் சொல்கிறேன், மானியத்தை நம்பிக் கடன் வாங்காதே, அதிலும் நிலத்தை வைத்து வாங்காதே.

எழுதப்போவதில்லை என்று சொன்னதை எழுதிவிட்டேன். அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

நம் சொசைட்டியின் மாடியில் போன வருடம் 40 கிலோவாட் வைத்தார்கள். லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் ஓடுகின்றன. பொதுப் பயன்பாட்டுக்கு மத்திய அரசு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கொடுக்கிறது. டெல்லி அரசின் புதிய கொள்கைப்படி, தயாராகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 ரூபாய் ஐந்து வருடம் வரை உண்டு. இங்கே இப்போது புகைமூட்டம். நேற்று காலை ஆறரைக்கு நான் மேலே போய்க் குழாய் பிடித்துக் கழுவினேன். மேலே தூசி கழுவப்பட்டாலும், பேனலின் கீழ் விளிம்பில், சட்டத்தை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்குச் சேறு காய்ந்து பட்டையாக நிற்கிறது. தண்ணீருக்கு அது போவதில்லை. பழைய பனியனை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியிருந்தது. நீ இருந்திருந்தால் அந்தப் பட்டை எத்தனை யூனிட்டைத் தின்கிறது என்று சொல்லியிருப்பாய்.

மேற்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியம் மூன்று மணிக்குக் கடைசி வரிசையின் மேல் விழுகிறது. முதலில் மூலையில் உள்ள ஒரு பேனலில் ஏறி, அரை மணி நேரத்தில் வரிசை முழுவதையும் மூடுகிறது. வைத்துக்கொடுத்த நிறுவனத்தினர் அதைப் பார்க்கவில்லை. 2018-இல் இந்த மாடிக்காக நீ போட்டுக் காட்டிய வரைபடத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, "நிழல், இங்கே வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். அந்த வரைபடமும் அதோடு நீ போட்ட கணக்கும், தாள்கள் இரண்டும் என் கோப்பில் இருக்கின்றன.

அந்தத் தாள்களைச் சொசைட்டியின் பொதுக்குழுவுக்கு முந்தைய இரவு சாப்பாட்டு மேசையில் வைத்து நான் சரிபார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது, கண்ணு. மத்திய அரசின் 30 சதவீதம், டெல்லி அரசு மூன்று வருடத்துக்குத் தந்த 2 ரூபாய், மின்கட்டண மிச்சம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கணக்கில் பிழை தேடியவன் நான், என் மகனுடைய கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் ஒருவர், பொருளாளரின் பையன் என்பதால்தானே இது வந்திருக்கிறது என்று கேட்டார். அதற்கு நான் உன் கணக்கை எடுத்து வைத்துப் பதில் சொல்லியிருக்கலாம், அல்லது பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து நின்று, பையனுக்கு இன்னும் அனுபவம் போதாது, இந்த விஷயத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நானே சொன்னேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. என் பெயருக்கு ஒரு சொல் வந்துவிடுமோ என்ற பயம், அவ்வளவுதான். நீ பின்வரிசையில் லேப்டாப்பை மூடினாய். உன் முன்னால் வைத்த டீயைத் தொடாமல் எழுந்து போனாய். அடுத்த மாதம் நம் ஊர் கோபிக்கு ரயில் ஏறிவிட்டாய். ஊரில் போய் விவசாயிகளுக்குச் செய்யப்போகிறான் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். நான் அனுப்பி வைத்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

உன் முதல் வேலை இந்த மாடியில் அமைந்திருந்தால், கையில் கொஞ்சம் முதல் சேர்ந்த பிறகு ஊருக்குப் போயிருப்பாய். வெறும் கையோடு தொடங்க நேர்ந்ததற்கு நான்தான் காரணம். இன்று நீ யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தால், அதற்கும் நான்தான் காரணம்.

அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்ட பணம் ஜனவரியில் முதிர்கிறது. புதுப்பிக்கலாமா என்று அம்மா கேட்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நீ எனக்கு ஒரு பட்டியல் மட்டும் அனுப்பு. யார் பெயர், எத்தனை குதிரைத்திறன் அல்லது எத்தனை கிலோவாட், பொருத்திய தேதி, ஆய்வு நடந்த தேதி, வர வேண்டிய தொகை, இந்த ஐந்தும் போதும். எந்தக் கோப்பு எங்கே நிற்கும், எந்த வாசகத்தில் நினைவூட்டல் எழுதினால் நகரும் என்று எனக்குத் தெரியும். பட்டியலின் கீழே, நீ வெளியே கொடுக்க வேண்டியதையும் ஒரு வரியில் எழுது. பெரியப்பாவிடம் சொல்லமாட்டேன். போனில் பேச விருப்பம் இல்லையென்றால் தபாலில் அனுப்பு.

டிசம்பர் நடுவில் கேரளா எக்ஸ்பிரஸில் ஈரோடு வரை வரலாம் என்று இருக்கிறேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், பஸ்ஸில் கோபிக்கு வந்துவிடுவேன். நீ மாட்டிய மோட்டார் ஒன்று பகலில் தண்ணீர் இறைப்பதை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தின் முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா