எல்டொராடோ வாங்குபவர்கள் மைல் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்பனைக்கு வந்திருக்கும் 1976 காடிலாக் எல்டொராடோ கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்) பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். 9,000 மைல்தான் ஓடியிருக்கிறது, ஆகவே புது வண்டிக்குச் சமம் என்ற கணக்குத்தான் இடிக்கிறது.

இந்த மாடலில் குறைந்த மைல் ஒன்றும் அபூர்வமில்லை. அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள் என்ற பேச்சோடு அந்த ஆண்டு 14,000 வண்டிகள் வந்தன. கடைசி வண்டி ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட் கிளார்க் தெரு ஆலையிலிருந்து வெளியேறியது. நாளை விலை ஏறும் என்று வாங்கி மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். 1984 மாடலில் எல்டொராடோ கன்வெர்ட்டிபிள் திரும்ப வந்தபோது, ஏமாந்துவிட்டோம் என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு!

முதலில், ஓடிய தூரம் காட்டும் ஓடோமீட்டர். அதில் மைலுக்கு ஐந்து இலக்கங்கள்தான். 1,09,000 ஓடிய வண்டியும் 9,000 என்றுதான் காட்டும். பிரேக் பெடல் ரப்பரின் ஓரம் தேய்ந்திருக்கிறதா, ஓட்டுநர் கதவு தொங்குகிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். அடுத்து, முன்கண்ணாடி வழியே தெரியும், ஆலை பொறித்த வண்டி அடையாள எண். அது 6, எல், 67, எஸ், 6, கியூ என்று தொடங்க வேண்டும். 67 கன்வெர்ட்டிபிளுக்கு உரியது. அந்த இடத்தில் 47 இருந்தால், கூபேயின் (நிலையான கூரை கொண்ட இரு கதவு வண்டி) கூரையை அறுத்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். கடைசியாக வந்த 200 வெள்ளை வண்டிகளில் ஒன்று என்று சொல்லி விற்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைத் தோல் இருக்கை, சிவப்பு டேஷ்போர்டு, சிவப்புக் கம்பளம், நினைவுத் தகடு எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும். வெள்ளை பெயின்ட் அடித்து சிவப்பு, நீலக் கோடு இழுப்பது யாருக்கும் முடிகிற வேலை.

இனி எஞ்சின். 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். நல்ல எஞ்சின்தான், ஆனால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைச் செயின் வழியே சுற்றும் டைமிங் சக்கரத்தில் பற்கள் நைலான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதானால் நைலான் இறுகி உதிரும். உதிர்ந்த துண்டுகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், செயின் பல் தாண்டும். சோதிப்பது எளிது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கமே இருக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டு ஒரு பக்கம் கொஞ்சம் சுற்றி நிறுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் எப்போது அசைகிறது என்று பாருங்கள். புல்லி 10 டிகிரிக்கு மேல் திரும்பியும் ரோட்டர் அசையாவிட்டால் செயின் தளர்ந்துவிட்டது. முழுக்க எஃகில் வரும் செயின், சக்கர செட்டை மாற்றாமல் அந்த வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றக் கூடாது.

பல ஆண்டு நின்ற எஞ்சினுக்கு பேட்டரி மாட்டி உடனே சாவி திருப்புவது பெரிய தவறு. எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் லேசான எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் புல்லியைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் இறுக்கம் இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டரின் மின்வயரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றலாம். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கியாக வேண்டும். பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களை இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் கெடுத்துவிடும். கசிவு விழுகிற இடம் சூடான எஞ்சின் என்பதால் இதில் சிக்கனம் ஆகாது.

நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். நிற்கிற வண்டியில் முதலில் இறுகுவது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பின்பக்க கேலிப்பர். கைபிரேக் அமைப்பும் அதற்குள்ளேயே இருப்பதால் சரிசெய்யச் செலவு அதிகம். பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். டயரின் பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பது முக்கியமில்லை, வயதுதான் முக்கியம். பக்கவாட்டில் உள்ள தேதி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2308 என்றால் 2008-இன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தையது, குப்பைக்குத்தான்.

டாப்பை, அதாவது மடங்கும் துணிக் கூரையை, ஏற்றி இறக்கச் சொல்லி, வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு மோட்டாரிலிருந்து இரண்டு கேபிள்கள் இருபுறப் பற்சக்கரங்களையும் இயக்குகின்றன. ஒரு பக்கம் முந்தினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், கூரையின் இரும்புச் சட்டம் முறுகிவிடும். துணி கிடைக்கும், நேரான சட்டம் கிடைப்பது கடினம்.

பம்பருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் துண்டுகளை விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். இது இந்த மாடல் எல்டொராடோவுக்கெல்லாம் வரும் நோய், விலை குறைக்கப் பேசலாமே தவிர வேண்டாம் என்று சொல்லக் காரணமில்லை. கம்பளத்துக்கு அடியில் துரு இருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி விடுங்கள்.

பார்க்கப் போகும் முன்பே, நான் வரும்வரை எஞ்சினை ஓட்டாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்ப என்ன அடம்பிடிக்கிறது என்பதை அன்று உங்களுக்குக் காட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
வாசகர், டிராய், மிச்சிகன்