பேட்டரி விஷயமாகச் சின்னவளுக்கு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

கார் பேட்டரி மறுபடியும் படுத்துவிட்டது என்றாய். போன தீபாவளிக்குத்தானே புதுசு போட்டாய்? இன்னொன்று வாங்கிவிடாதே. கடைக்காரரைக் கேட்டால் பேட்டரிதான் போச்சு என்பார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் மீட்டரை வைத்துப் பார். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கோளாறு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் பக்கம்.

அதுவும் சரியாக இருந்தால், நிற்கிற வண்டியில் எதுவோ கரண்டைத் தின்கிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்க்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைன்தான். எனக்கென்னவோ நீ மாட்டிய ஸ்டீரியோ மேல்தான் சந்தேகம். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதே, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.

உனக்கு இதெல்லாம் புதுசில்லை. சேரன்மகாதேவி ரோட்டில் வண்டி நின்றபோது, டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தது நீதான். பெரியவனுக்கு இன்னும் பானெட் திறக்கத் தெரியாது.

ஆனித் தேருக்குப் பெரியத்தை வந்திருந்தாள். உன்னைத்தான் முதலில் கேட்டாள். லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். தேருக்குக்கூட வராத பிள்ளை என்று அவள் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று நான்கு வாரம் ஓடாமல் கிடந்தால் நல்ல பேட்டரியும் இறங்கிவிடும். நீதான் தினம் ஆபீசுக்கு எடுத்துப் போகிறாயே, அப்படி ஓடுகிற வண்டிக்கு இது வர நியாயமில்லை. போன செவ்வாய் பகல் பதினொரு மணிக்குப் பேசினாய் அல்லவா, பின்னால் கீரைக்காரி கூவுகிற சத்தம் கேட்டது. "ஏங்க, வேலை நேரத்துல அவ வீட்டுலயா இருக்கா?" என்றாள் உன் அம்மா. லீவாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். தேருக்குக் கிடைக்காத லீவா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், புதுசு வாங்காதே. ஆனாலும் பேட்டரிக்கென்று உன் கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். வேறு எதற்கு எடுத்தாலும் சரி, கணக்கு கேட்க மாட்டேன். வண்டியைச் சரி பார்த்துவிட்டு இங்கேயே ஓட்டி வா. சென்னையிலிருந்து 600 கிலோமீட்டர் ஓடினால் பேட்டரி தானே ஏறும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, ஷெட் காலியாகத்தான் கிடக்கிறது.

அப்புறம், கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கையில் வளையலோடு ஸ்பேனரைத் தொடாதே.

அப்பா