பதின்மூன்று கட்டங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வாக்கியம் இரவு முழுவதும் என் காதிலேயே நின்றது. "இன்னொரு பெருந்தொற்று வந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை அம்மா, என் நிறுவனத்தில் 22 பேரும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள்" என்றாய். கேட்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடம் பிறருடைய கணக்கை எழுதியவளுக்கு அந்தப் பேச்சில் ஓர் ஓட்டை தெரிகிறது. போனில் சொன்னால் பாதி சொல்வதற்குள் உனக்கு அடுத்த அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது நீ கல்லூரியில் கடைசி ஆண்டு. நான் 14 பேரை வைத்துக்கொண்டு நாற்பது சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில நாட்களில் எல்லோரும் கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரம் தட்டுத் தடுமாறினோம். பிறகு சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டது. பதிவுகள் நேரத்துக்கு ஏறின, சம்பளப் பட்டியல்கள் நேரத்துக்குப் போயின. சமாளித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். நான் செய்த பெரிய தவறு அந்தத் தூக்கம்தான்.

வேலை நடந்தது. பணம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று தேடியபோதுதான் எனக்கே புரிந்தது. எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் மூன்று மாதப் பில்லை நிறுத்தி வைத்திருந்தார். ஏமாற்றும் மனிதர் அல்ல. அவருடைய நிறுவனத்தில் பில்லைச் சரிபார்ப்பவர் ஒரு வீட்டில், ஒப்புதல் தருபவர் இன்னொரு வீட்டில், கையெழுத்துப் போடுபவர் மூன்றாவது வீட்டில் இருந்தார்கள். காசோலைப் புத்தகம் பூட்டிய அலுவலகத்தில், மேசை டிராயருக்குள். வங்கிப் பரிமாற்றத்துக்கு ரகசிய எண் காட்டும் சின்னக் கருவியும் அதே டிராயரில்தான். அந்த டிராயரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒன்பது நாள் ஆனது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு எல்லோரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். வீட்டிலிருந்து பணம் கொடுப்பதற்கு ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை.

உன் ஆட்கள் 22 பேரும் வீட்டில் இருப்பது உன் வேலையைத்தான் காப்பாற்றும். உன் பணம் உன் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறது. உன் வருமானத்தில் பாதிக்குமேல் இரண்டே பேரிடமிருந்து வருகிறது, அதில் ஒருவர் பயணத் துறை என்று போன மாதம் நீதான் சொன்னாய். 2020-இல் உலகம் முழுவதும் பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை முந்தைய ஆண்டைவிட 70 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. உன் ஆட்கள் எவ்வளவு நன்றாக எழுதித் தந்தாலும், அவர் பில்லை எதிலிருந்து கொடுப்பார்?

லாப நட்டக் கணக்கை நீ அடிக்கடி பார்க்கிறாய், தெரியும். அது நல்ல காலத்துக்கான கண்ணாடி. கெட்ட காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இன்றிலிருந்து ஒரு காசுகூட வரவில்லை என்றால் எத்தனை நாள் ஓடும்? ஜேபி மார்கன் சேஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2016-இல் அமெரிக்காவில் சுமார் ஆறு லட்சம் சிறு தொழில்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்து, நடுவில் நிற்கும் ஒரு தொழிலின் கையிருப்பு 27 நாள் தாங்கும் என்று சொன்னது. உணவகங்களுக்கு 16 நாள். தொற்று வருவதற்கு நான்கு வருடம் முன்பு, எல்லாம் நன்றாக இருந்த காலத்துக் கணக்கு அது. நான் அதைப் படித்திருந்தேன். பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். என் சொந்த நாட்களை எண்ணிப் பார்த்தது 2020 ஏப்ரலில்தான். எனக்கு 31 நாள் இருந்தது. அதிலும் ஆறு நாள் உண்மையில் என்னுடையது அல்ல.

அந்த ஆறு நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வாடிக்கையாளர்கள் ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். அது வங்கியில் கிடந்ததால் என் பணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் கடன்தானே! எங்களிடம் கணக்கு வைத்திருந்த ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் இதில்தான் மூழ்கினார். பிப்ரவரியில் அவர் வங்கி இருப்பைப் பார்த்தவர்கள் மூன்று மாதம் தாங்குவார் என்று சொல்லியிருப்பார்கள். அத்தனையும் பயணிகள் கட்டிய முன்பணம். பயணம் ரத்தானதும் எல்லோரும் ஒரே வாரத்தில் திருப்பிக் கேட்டார்கள். நீயும் ஆண்டுச் சந்தா வாங்குகிறாய். அதைத் தனிக் கணக்கில் போடு. மாதம் முடிந்ததும் அந்த மாதத்துப் பங்கை மட்டும் உன் பக்கம் மாற்று. உன் கணக்காளர் இது தேவையில்லை என்பார். கேட்காதே.

விற்பனை கூடினால் பிழைத்துவிடலாம் என்பதும் எப்போதும் சரியல்ல. வீட்டில் போடும் மேசை நாற்காலி விற்ற ஒருவருக்கு 2020 மே மாதத்தில் விற்பனை மூன்று மடங்கானது. உலகமே வீட்டிலிருந்து வேலை செய்தது, எல்லோருக்கும் ஒரு மேசை வேண்டியிருந்தது. ஆனால் முன்பு அறுபது நாள் கடன் கொடுத்த உற்பத்தியாளர்கள் முழுப் பணத்தையும் முன்னால் வை என்றார்கள். இணையத்தில் விற்ற பணம் அவர் கைக்கு வர நாற்பத்தைந்து நாள். ஒவ்வொரு மேசை விற்றபோதும் அவர் கையிருப்பு குறைந்தது. ஜூலையில் லாபத்தோடு என் முன்னால் திரையில் உட்கார்ந்து அழுதார். பாதி ஆர்டர்களை மறுக்கச் சொன்னேன். அவருக்கு அது தாங்கவில்லை. ஆனால் மறுத்தார், பிழைத்தார்.

என் கதைக்கு வருகிறேன். 31 நாள் என்று தெரிந்த இரவு, ஒரு பெரிய தாளை எடுத்துப் பென்சிலால் பதின்மூன்று கட்டம் போட்டேன், வாரத்துக்கு ஒன்று. மேல் வரிசையில் அந்த வாரம் உறுதியாக வரும் பணம். வரலாம் என்பதை எழுதவே கூடாது. கீழே கட்டாயம் போக வேண்டிய பணம். அடியில் மிச்சம். மாதக் கணக்கு நம்மை ஏமாற்றும், வாரக் கணக்கு ஏமாற்றாது. மாதக் கடைசியில் பணம் வரும் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிட்டால் மாதக் கடைசி யாருக்கு? என் தாளில் ஆறாவது கட்டத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனது. அந்த எண்ணை எழுதும்போது பென்சில் முனை உடைந்தது.

செலவுப் பக்கத்தில் முதல் அடி வாடகை. ஒப்பந்தத்தில் இன்னும் 19 மாதம் பாக்கி. யாரும் உட்காராத நாற்காலிகளுக்கு மாதம் தவறாமல் வாடகை கட்டினேன். அலுவலகம் இல்லாவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் அந்த மிச்சம் வரும். உனக்கு அலுவலகமே கிடையாது, சரி. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கட்டும் மென்பொருள் சந்தாக்கள் எத்தனை, அவை எந்தத் தேதியில் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று உன்னால் இப்போது சொல்ல முடியுமா? கடன் தவணையைச் சில மாதம் ஒத்திவைக்கலாம் என்று வங்கி சொன்னபோது எல்லோரும் தள்ளுபடி கிடைத்த மாதிரி மகிழ்ந்தார்கள். தவணைதான் ஒத்திப்போனது, வட்டி ஒருநாளும் ஓய்வெடுக்கவில்லை. காப்பீடு இருக்கிறதே என்று நம்பியவர்களில் பலருடைய பத்திரத்தில், கட்டடத்துக்கோ பொருளுக்கோ சேதம் ஏற்பட்டால்தான் இழப்பீடு என்று இருந்தது. உன் பத்திரத்தில் அந்த வரியைத் தேடிப் படி.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

அந்தத் தாளை ஐந்து வாரம் ஒருவருக்கும் காட்டவில்லை. பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தேன். அலுவலகத்தில் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கொஞ்சம் புரிந்துகொண்டிருப்பார்கள், நானும் அவர்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். வீட்டில் தனியாக இருப்பவருக்கு முதலாளியின் மௌனம் மட்டும்தான் தெரியும். ஒரு நாள் என்னிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தவர் எழுதினார்: "என்னை எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால், வேறு இடம் தேடிக்கொள்வேன்." அவரை நிறுத்தும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. ஆனால் அவரும் கணக்காளர். எங்கள் பில்கள் எவ்வளவு நிலுவையில் கிடக்கின்றன என்று தெரியும், கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். தன் பெயரையும் கழித்துவிட்டார்.

அடுத்த நாள் காலை எல்லோரையும் திரைக்கு அழைத்துத் தாளைக் காட்டினேன். என் சம்பளம் உட்பட எல்லா எண்ணும் தெரிந்தது. நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்களில் இளையவர் ஒருவர், ஏழாவது கட்டத்தில் ஒரு வரவு விட்டுப்போயிருப்பதாகச் சொன்னார். ஒரு வாடிக்கையாளர் பாதிப் பணம் அனுப்புவதாக அவருக்கு எழுதித் தந்திருந்தாராம். எனக்கு அது தெரியவே தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி 20 சதவீதம் குறைக்கலாம் என்று நான் எழுதி வைத்திருந்ததை அவர்கள் ஏற்கவில்லை. குறைந்த சம்பளம் வாங்கும் நான்கு பேரைத் தொடாமல், மேலே போகப் போக அதிகம் குறைக்கும்படி மாற்றினார்கள். நான் இரண்டு மாதம் ஒன்றும் எடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு மூன்று வாடிக்கையாளரைப் பிரித்துக்கொண்டு வாரம் ஒருமுறை பாக்கியைக் கேட்டார்கள். அக்டோபரில் பழைய சம்பளத்துக்கு வந்தோம். குறைத்ததை அடுத்த மார்ச்சுக்குள் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரும் போகவில்லை.

அந்தக் கூட்டத்திலும் கேமராவைத் திறக்காத ஒரு பெண் இருந்தார். எப்போதுமே திறக்கமாட்டார். கொஞ்சம் கூச்சம் என்று விட்டுவிட்டேன். அவருடைய பதிவுகள் இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் ஏறுவதைப் பிறகுதான் கவனித்துத் தனியாகப் பேசினேன். அவர்கள் வீடு ஒரே அறை, ஐந்து பேர். பகலில் குடியிருப்பின் பொதுப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் கணினியும் மேல் படியில் வவுச்சர்களுமாக வேலை செய்திருக்கிறார். யாராவது ஏறி வந்தால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டி வழிவிடுவார். காற்றடித்தால் தாள் பறக்கும் என்று கல் வைத்திருந்தாராம். மற்றதை வீடு தூங்கிய பிறகு முடிப்பார். நானோ, வீட்டிலிருந்து எல்லோரும் கூடுதலாக வேலை செய்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடும் என்பதற்கு எல்லோரும் காட்டும் ஓர் ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடன் சேர்ந்தவர்களும் சீனாவில் ஒரு பெரிய பயண நிறுவனத்தில் நடத்தி 2015-இல் வெளியிட்டது. ஒன்பது மாதத்தில் 13 சதவீத உயர்வு. அதில் பெரும் பங்கு, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால் வந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள், வீட்டில் தொந்தரவில்லாத தனி அறை வைத்திருந்தவர்கள், வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் போனவர்கள். அப்படியும் முடிவில் அவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள், தனிமை தாங்காமல். பெருந்தொற்றில் தனி அறையும் இல்லை, விருப்பமும் இல்லை, அந்த ஒரு நாளும் இல்லை. உன் 22 பேரில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று உனக்குத் தெரியுமா, அம்மா? கேமராவைத் திற என்று கட்டளையிட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, மறந்துவிடுவதற்குள். அந்த வருடம் எங்களுக்குப் பொருள் தருபவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் அனுப்புங்கள் என்று. எழுத்து நடை, முத்திரை, எல்லாம் அவருடையதே. அலுவலகமாக இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டிருப்போம். வீட்டில் திரும்பினால் சுவர்தான். எங்கள் ஆள் அவருடைய பழைய தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்டதால் தப்பினோம். கணக்கு எண் மாறினால் உனக்குத் தெரிந்த பழைய எண்ணில் அழைத்து, குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்பு. மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதே.

அந்தத் தாளை இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஆறாவது கட்டத்தில் அழித்து அழித்துத் தாள் மெலிந்திருக்கும், பிரிக்கும்போது கிழித்துவிடாதே. ஓரத்தில் வெவ்வேறு கையெழுத்தில் திருத்தங்கள் இருக்கும். திரையில் அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியவை சில, பிற்பாடு அலுவலகம் திறந்தபோது அவர்களே வந்து எழுதியவை சில. பார்த்துவிட்டு எனக்குத் திருப்பி அனுப்பு. உன் தாளையும் அதோடு சேர்த்து அனுப்பு, பென்சிலில் எழுதியதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா