சுவிட்ச் போடாத ரம்பம்: மரக் கண்காட்சி நடத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டல வனவியல் கண்காட்சி ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் மர அறுவை மில் நடத்துகிறவன் எழுதுகிறேன். ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் நேராக உங்கள் பந்தலுக்குத்தான் வந்தேன். வாசலில் பெயர் பதிந்த தம்பி, "எத்தனை ஏக்கர் சார்?" என்றார். "ஏக்கர் இல்லப்பா, மில்" என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'இதர' என்று எழுதிக்கொண்டார்.

நாற்றுப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலைவேம்புக்குப் பக்கக் கிளையை இளசிலேயே கவாத்து பண்ணச் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு என் கும்பிடு. பிளைவுட்டுக்காக மரத்தைச் சுழற்றி உரிக்கும்போது கணு வந்தால் தாள் அங்கேயே கிழியும்.

வருத்தம் தேக்கு ஸ்டாலில்தான் தொடங்கியது. ஒரு வட்டத் துண்டை வார்னிஷ் பளபளக்க வைத்திருந்தீர்கள். குனிந்து பார்த்தேன். குறுக்கே 9 அங்குலம். நடுவில் கருத்த வைரம், அதாவது முற்றிய உள்மரம், என் கைமுஷ்டி அளவுதான். சுற்றிலும் வெள்ளை, முற்றாத வெளிமரம். சொட்டுநீர் விட்டு நெருக்கி நட்ட இளந்தேக்கு அப்படித்தான் இருக்கும். வெள்ளை உளுத்துப்போகும் என்று தச்சர் அதைக் கழித்துத்தான் வாங்குவார். பக்கத்துப் பலகையில் ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று போட்டிருந்தது. அந்தக் கணக்கு வைரத்துக்கா, வெள்ளைக்கும் சேர்த்தா?

மேடையில் ஒருவர், "மில்காரன் கணக்கை நம்பாதீங்க" என்றார். கைதட்டல். நானும் தட்டினேன், என்ன செய்ய. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தொழிலைக் கேட்டதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். டேப்பை எடுத்து, கட்டையை நாங்கள் அளந்து வாங்கும் கணக்கை அவருக்குச் சொன்னேன். "4 அடி சுற்றளவு, 10 அடி நீளம்னு வைங்க. சுற்றளவில் கால்வாசி 12 அங்குலம். அதை அதாலயே பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி 144-ஆல வகுங்க. 10 கன அடி." உண்மையில் அந்த உருளையில் கிட்டத்தட்ட பன்னிரண்டே முக்கால் இருக்கிறது. மிச்சம் எங்கே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பட்டையும் ஓரக்கழிவும் ரம்பத்தூளும் அதில் அடக்கம் என்பது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். சரியாக அறுத்தால் எங்களுக்கும் அதில் கொஞ்சம் நிற்கும், மறைக்கவில்லை. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் விவசாயி என் மில்லில் வந்து விலை பேசலாம். உங்கள் கையேட்டில் அது இல்லை.

"காட்டை அழிச்சதே ரம்பம்தான்" என்றும் அதே மேடையில் கேட்டேன். 1996 டிசம்பர் 12-ல் காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு எங்கள் தொழிலில் லைசென்ஸ் என்ற சொல்லுக்கே கனம் வேறு. அதற்கு மேல் 2010-ல் தமிழ்நாடே மரத் தொழிலுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று நான் அறுக்கும் தேக்கில் பாதிக்கு மேல் கானாவும் ஈக்வடாரும் கன்டெய்னரில் அனுப்புவது. நம்ம ஊர்த் தேக்கு வைரம் பாய்ந்து வந்தால் நான் ஏன் துறைமுக வாசலில் காத்துக்கிடக்கிறேன்?

டிசம்பர் 12 எங்களுக்கு ராசியில்லாத தேதி. 2016-ல் அதே நாளில்தான் வர்தா புயல் அடித்தது. சாய்ந்த தூங்குமூஞ்சி மரங்கள் லாரி லாரியாக வந்தன. டியூஷன் போர்டு அடித்த ஆணி, கிளினிக் போர்டு அடித்த ஆணி! ஒரே வாரத்தில் மூன்று பிளேடு போச்சு. கட்டையின் முகத்தில் மை சிந்தினாற்போல் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அப்போது பழகிக்கொண்டோம். வரப்புத் தேக்கில் ஆணியடித்து வேலிக் கம்பி கட்டுகிறார்களே, அந்தக் கறை அதிலும் வரும். அடிமரத்துக்குப் பாதி விலைதான் தருவேன். நட்ட அன்றைக்கே இதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

கடைசி வரிசையில் ஒரு புது பேண்ட் சா மெஷினை, அதாவது மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தை, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தீர்கள். நான் இருந்த இரண்டு நாளும் யாரும் சுவிட்ச் போடவில்லை. ரிப்பனைக் கூட அவிழ்க்கவில்லை. அடுத்த முறை எனக்கு மேடை வேண்டாம். பந்தலுக்கு வெளியே இருபதடி இடமும் த்ரீ-ஃபேஸ் கரண்டும் கொடுங்கள். கவாத்து பண்ணிய மரம் ஒன்று, பண்ணாதது ஒன்று, நெருக்கி நட்டது ஒன்று, இடைவெளி விட்டு நட்டது ஒன்று. நட்டவர்கள் முன்னாலேயே அறுத்துக் காட்டுகிறேன். ஆள் கூலி என்னுடையது, பிளேடும் என்னுடையது. ஆணியில்லாத கட்டையாகப் பார்த்து நீங்கள் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
'இதர' வரிசையில் பதிந்த வடசென்னை மில்காரன்